முள்ளங்கி யாருக்குப் போனது?

பூட்டுக்காரரின் பதினேழு வருஷ உழைப்புக்குப் பதினான்கு கம்பெனிகள் சேர்ந்து கொடுத்த விலை இதுதான்: ஒரு பழைய சர்வர், கம்பெனிப் பெயர் போட்ட இரண்டு டஜன் பேனா, ஒரு சுழல் நாற்காலி. நாற்காலிக்கு ஐந்து சக்கரம் இருக்கவேண்டும். வந்து இறங்கும்போதே நான்குதான் இருந்ததாம்.

"கொஞ்சம் முறைச்சிக்கிட்டு நின்னிருந்தா அஞ்சாவது சக்கரமாவது தேறியிருக்கும்," என்றான் தரகன்.

ஆடிட்டர் நோட்டைத் திறந்தார். இருபது வருஷம் கணக்குத் தணிக்கை செய்து, அடுத்தவர் பொய்யை எண்களில் பிடித்துச் சலித்துப்போய்த் துப்பறியும் தொழிலுக்கு வந்த அம்மாள் அவர். தொழில் மாறியும் பெயர் மாறவில்லை. தரகன் அவருடைய உதவியாளன். அப்பா ஜவுளித் தரகர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் விலை போட்டுவிடுவான். போட்ட விலையை வாய்விட்டுச் சொல்லியும் விடுவான்.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை. பஞ்சர் ஒட்டும் பசையின் வாசனை படியேறி வந்து வீட்டில் குடியிருந்தது. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்த பூட்டுக்காரர், கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியை விருந்தாளிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ஆடிட்டர் அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கப்பலில் போகிறவர் போல இருந்தார்.

அவர் பூட்டுக்காரர் ஆன கதை சின்னது. யாராவது ஒரு கணினியில் கடவுச்சொல்லைத் தட்டினால், அது சரியா தப்பா என்று உள்ளே உட்கார்ந்து பார்க்கிற நிரல் ஒன்றை எழுதினார். ஒவ்வொரு வரியையும் யாரும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்று பொதுவில் வைத்தார். இன்றைக்குப் பல ஆயிரம் இடங்களில் அந்தப் பூட்டுதான். அவரோ பகலில் ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறார். மற்ற நேரம் பூட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

"பூட்டுல ஓட்டை கண்டுபிடிச்சா என்ன செய்வீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் ஆடிட்டர்.

"முதல்ல ஒட்டு தயார் பண்ணுவேன் மேடம். ஓட்டையை அடைக்கிற திருத்தம். அதைப் பதினாலு கூட்டாளிக் கம்பெனிக்கும் ரகசியமா அனுப்புவேன். ஏழு நாள் அவகாசம். அவங்க தங்களோடதைச் சரி பண்ணிக்கணும். எட்டாவது நாள் எல்லாருக்கும் பொதுவில சொல்லிடுவேன். அதுதான் ஒப்பந்தம்."

"இந்தத் தடவை மூணாவது நாளே திருடன் உள்ள போயிட்டான்."

"ஆமாம்." அவர் தலை அடுத்த அறைப் பக்கம் திரும்பியது. "அக்கா போற டயாலிசிஸ் சென்டர்ல."

போன வாரம் நடந்தது அது. நாற்பத்திரண்டு சிறுநீரக நோயாளிகளின் பதிவுகளும் சிகிச்சை அட்டவணையும் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்டு ஒரு கடிதம் திரையில் நின்றது. சென்டர் பாதி மூடிக்கிடக்கிறது. வாரம் மூன்று முறை இரத்தம் சுத்தம் செய்துகொண்ட அக்காவுக்கு இப்போது இரண்டு முறைதான், அதுவும் ஒரு மணி நேரப் பயணம் தள்ளி.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூட்டாளிங்க கூடுறாங்க," என்றார் பூட்டுக்காரர். "பதினாலு பேர்ல ஒருத்தன்தான் ரகசியத்தை வெளிய விட்டான்னு உங்க அறிக்கை நிரூபிச்சா அவனை வெளிய அனுப்புவாங்க. இல்லேன்னா நான்தான் விட்டேன்னு ஆகும். பூட்டோட சாவியைப் பதினாலுல பெரிய கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கணும். அப்புறம் ஒரு வரி மாத்தறதுக்குக்கூட அவங்ககிட்டதான் மனு போடணும். என் அக்கா படுக்கற இடத்துல நானே திருடனை விடுவேனா மேடம்?"

அவர் கையில் ஒரே ஒரு துருப்பு இருந்தது. ரகசியக் கடிதத்தில், ஓட்டையைச் சோதித்துப் பார்க்க நாலு வரி மாதிரி வைப்பார். அந்த மாதிரியில் உள்ளே நுழைகிறவருக்கு ஒரு விளையாட்டுப் பெயர் இருக்கும். ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு காய்கறிப் பெயர். அவர் தேர்ந்தெடுப்பதில்லை, கடிதம் கிளம்பும்போது அவருடைய கணினியே பட்டியலிலிருந்து வரிசையாக ஒன்றை எடுத்துச் செருகிவிடும். திருடன் சோம்பேறி. மாதிரியை அப்படியே நகலெடுத்திருக்கிறான். சென்டரின் பதிவில் நுழைந்தவர் பெயர் 'முள்ளங்கி' என்றே இருக்கிறது.

"பதினாலு காயையும் சொல்லுங்க."

பூட்டுக்காரர் வாய்ப்பாடு போல ஒப்பித்தார். முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரி, கத்தரி, குடைமிளகாய் என்று தொடங்கி, வெங்காயத்தில் முடித்தார். முள்ளங்கி இல்லை.

"அப்ப எவனோ பேரை மாத்தியிருக்கான்," என்றார் அவர், நம்பிக்கையாக.

அடுத்த அறையிலிருந்து கத்தி பலகையில் தட்டும் சத்தமும் அக்காவின் குரலும் வந்தன. "டேய் தம்பி, வந்தவங்களுக்கு ஒண்ணும் இல்லையா? இந்த வீட்ல தண்ணியைக்கூட அளந்துதான் குடிக்கணும். காயும் லிஸ்ட்ல இருக்கறதுதான். உங்களுக்கு அந்தத் தலையெழுத்து இல்லையே, தாராளமா கேளுங்க."

"வேண்டாம்மா," என்றார் ஆடிட்டர், எழுந்துகொண்டே. நோட்டில் எழுதியதை ஒருமுறை பார்த்து, வரிசை எண் போட்டார்.

படியிறங்கும்போது தரகன் கேட்டான். "திருடன் பேரை மாத்தறவனா இருந்தா ஒரு மனுஷப் பேரைப் போட்டிருப்பான். காயை எதுக்கு இன்னொரு காயா மாத்தணும்? அவனுக்கு என்ன, வெங்காயம் ஒத்துக்காதா?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்."

*

பெரிய கம்பெனியின் பன்னிரண்டாவது மாடியில் வரவேற்பறைச் சுவர் முழுக்க 'பகிர்வதே பலம்' என்று எழுதியிருந்தது. உள்ளே போகக் கதவு திறக்கவில்லை. அட்டை வேண்டுமாம்.

"பகிர்றதுக்கு முன்னாடி அட்டையைக் காட்டணும்போல," என்றான் தரகன்.

கூட்டாளி உறவுகளைக் கவனிக்கும் மேனேஜர் தானே வந்து அழைத்துப்போனார். நல்ல துணிக்கடையில் முதல் வரிசையில் நிற்கிற விற்பனையாளருக்கு இருக்குமே, அந்தச் சிரிப்பு. மேஜைமேல் ஒரு கட்டுக் காகிதம், கையெழுத்து போடவேண்டிய இடங்களில் மஞ்சள் துண்டு ஒட்டித் தயாராக இருந்தது.

"அஞ்சு மணிக்குத்தானே கூட்டம்?" என்றார் ஆடிட்டர்.

"முன்கூட்டியே தயாரா இருக்கறது எங்க பழக்கம் மேடம்."

"உங்க காய் எது?"

"கேரட். பதினாலு கம்பெனியும் தங்களோட பிரதியைக் காட்டியாச்சு. ஒரு எழுத்து மாறல. நாங்க யாருக்கு அனுப்பினாலும் கேரட்டாத்தான் போகும், கேரட்டாத்தான் திரும்பி வரும்."

"வேற யாருக்கு அனுப்புவீங்க?"

"தெரிஞ்சே ஆகணும்கிறவங்களுக்கு மட்டும்."

"எத்தனை பேர்?"

மேனேஜர் திரையைத் திருப்பிப் பார்த்தார். "பதினாலு கம்பெனியோட வாடிக்கையாளர்களையும் சேர்த்தா அறுநூத்துப் பன்னிரண்டு."

"அவ்வளவு பேருக்குப் போனா அதுக்கு ரகசியம்னு பேர் இல்ல சார்," என்றான் தரகன். "கல்யாணப் பத்திரிகைன்னு பேர்."

மேனேஜர் இதற்கும் சிரித்தார். சிரிப்புக்குத் தனிச் செலவில்லை போலும். "ஒப்பந்தத்துல இருக்கற ஷரத்துதான். பூட்டுக்காரரே கையெழுத்துப் போட்டது. சர்வர் கொடுத்த அன்னிக்கு."

"அந்த அறுநூத்துப் பன்னிரண்டுல டயாலிசிஸ் சென்டர் இருக்கா?" என்றார் ஆடிட்டர்.

"வருஷச் சந்தா கட்டற ஆஸ்பத்திரிங்க எல்லாம் இருக்கு. அது சின்ன இடம். கட்டல."

"கட்டினவங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

"கட்டாதவங்களுக்கு?"

"எட்டாவது நாள், எல்லாரையும் போல. இலவச மென்பொருள்தானே மேடம். கதவு யாருக்கும் சாத்தல. கொஞ்சம் வரிசை இருக்கு, அவ்வளவுதான்."

லிஃப்டில் இறங்கும்போது ஆடிட்டர் அறுநூற்றுப் பன்னிரண்டை நோட்டில் எழுதினார். "இந்த ஆள் பொய் சொல்லல," என்றார் கடைசியில்.

"அதான் மேடம் எனக்கும் பயமா இருக்கு. பொய் சொல்றவன்கிட்ட பேரம் பேசலாம். எல்லாத்தையும் சட்டப்படி செய்யறவன்கிட்ட என்னத்தப் பேசறது?"

*

டயாலிசிஸ் சென்டரில் பதினோரு இயந்திரங்களில் எட்டுக்கு உறை போட்டிருந்தது. நீளமான நடை. அதன் ஓரத்தில் உறவினர்கள் காத்திருக்க ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு நேர் எதிரே, எட்டு அடி தூரத்தில், கதவில்லாத ஒரு சின்ன அறை. அங்கே இருந்தவரை எல்லாரும் பிரிண்டர் சார் என்றார்கள். கணினி பார்ப்பது, ரசீது போடுவது, பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவது மூன்றும் அவர் ஒருவரே. எதையும் அச்செடுத்துக் கோப்பில் போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"திருட்டுக்கும் ஃபைல் இருக்கு மேடம்," என்று எடுத்துக் கொடுத்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. முள்ளங்கி உள்ளே நுழைந்தது மூன்றாம் நாள் பகல் ஒன்று நாற்பதுக்கு.

அதை வாங்கிக்கொண்டு நிமிர்ந்த ஆடிட்டரின் பார்வை சுவரில் நின்றுவிட்டது. அங்கே நோயாளிகளுக்கான அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. 'இவற்றை மட்டும் சாப்பிடலாம்.' கயிற்றில் தொங்கிய கண்ணாடியை மாட்டி, விரல் வைத்துப் படித்தார். முட்டைக்கோஸ். கேரட். வெள்ளரி. கத்தரி. குடைமிளகாய். மற்றொரு கையில் நோட்டு. விரல் இரண்டிலும் ஒரே வேகத்தில் இறங்கியது.

"பதினாலாவது வெங்காயம்," என்றான் தரகன், தோளுக்குப் பின்னாலிருந்து.

"பதினஞ்சு?"

அவன் படித்தான். "முள்ளங்கி," என்றான்.

"அக்காவுக்கு இங்க கொடுத்த பட்டியலை அவர் அப்படியே கணினியில போட்டிருக்கார்," என்றார் ஆடிட்டர். "யாரும் பேரை மாத்தல. பதினாலு கடிதம் போனதும் கணினி அடுத்த காயை எடுத்திருக்கு. அப்படின்னா பதினஞ்சாவதா ஒரு கடிதம் கிளம்பியிருக்கு. அதே வீட்லேர்ந்து." அவர் பிரிண்டர் சார் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்ப வந்துச்சு சார்?"

பிரிண்டர் சார் ஒரு நிமிடம் பொய் சொல்லலாமா என்று பார்த்தார். பழக்கமில்லாத வேலை, வரவில்லை. மேஜையின் கடைசி இழுப்பறையிலிருந்து இன்னொரு கோப்பை எடுத்தார். அச்செடுத்திருந்தார், இதையும்.

"ரெண்டாம் நாள் சாயங்காலம் ஒரு மெயில். பேர் இல்ல. 'உங்க பூட்டுல ஓட்டை இருக்கு, இந்த ஒட்டைப் போட்டுடுங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு. மறுநாள் காலையில போட்டேன். ஒட்டல. சிவப்பா ஏழு வரி பிழைச்செய்தி வந்து நிக்குது. மெயிலுக்குப் பதில் போட்டா திரும்பி வந்துடுச்சு. எனக்கு யாரைத் தெரியும்? சந்தா கட்டினவங்களுக்குன்னா கேக்க ஆள் இருக்கு."

"அப்புறம்?"

"அந்தப் பூட்டோட இணையப் பக்கத்துக்கே போனேன். மேலயே எழுதியிருக்கு மேடம்."

அதையும் அச்செடுத்திருந்தார். ஆடிட்டர் வாய்விட்டுப் படித்தார்:

'சந்தேகம் வந்தால் பொதுவில் கேளுங்கள். தனியாக மெயில் அனுப்பாதீர்கள். உங்கள் கேள்வி இன்னொருவருக்கு விடையாகும். கேட்கும்போது உங்களுக்கு வந்தது முழுவதையும் அப்படியே ஒட்டுங்கள்.'

"ஒட்டினீங்க."

"ஒரு வரி விடாம. மெயில், ஒட்டு, மாதிரி, சிவப்பு வரி எல்லாம். சென்டர் முகவரிகூட அதிலயே இருந்துச்சு." வீட்டுப்பாடத்தை முழுசாக முடித்தவரின் குரல் அது, பாதியில் உடைந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு எழுதியிருந்துச்சே சார்," என்றான் தரகன், மெதுவாக.

"நான் யார்கிட்டயும் சொல்லலைங்க. கேக்கத்தானே செஞ்சேன்."

கேள்வியைப் போட்டது காலை ஒன்பது ஐம்பதுக்கு. உலகமே பார்க்கிற இடத்தில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் அது நின்றது. வழியில் போன எவனோ எடுத்துக்கொண்டான். அவன் யார், எந்த ஊர் என்று இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. பணம் கேட்ட கடிதம் திரையில் வந்ததும் பயந்துபோய்ப் பிரிண்டர் சார் கேள்வியை அழித்துவிட்டார்.

"பதில் வந்துச்சா?"

"அங்க எல்லாக் கேள்விக்கும் ஒரே ஆள்தான் மேடம் பதில் போடறார். 'பூட்டு'ன்னு பேர். கால் மணிக்குள்ள போட்டுடுவாராம். அன்னிக்கு மட்டும் ஆளைக் காணோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஆடிட்டருக்குக் கணக்குப் பார்த்த காலத்திலிருந்தே பதிவேடு என்றால் உயிர். வாசலில் இருந்த வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, மூன்றாம் நாள் பக்கத்தைப் பிரித்தார். நோயாளியின் உறவு: தம்பி. வந்த நேரம் ஒன்பது இருபது. போன நேரம் இரண்டு பத்து.

"அன்னிக்கு எதிர் பெஞ்சுல யார் இருந்தாங்க, ஞாபகம் இருக்கா சார்?"

"அந்த அம்மாவோட தம்பி. அவங்களுக்குக் காய்ச்சல், ரெண்டு மூணு நாளா இவர் தூங்கவே இல்லையாம். தங்கமான மனுஷர். நான் திரையைப் பாத்துக்கிட்டே இருந்தப்போ பிரிண்டர்ல தாள் சிக்கிக்கிச்சு. அவர்தான் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்துட்டுப் போனார்."

தரகன் பெஞ்சைப் பார்த்தான். அறையைப் பார்த்தான். எட்டு அடி. அவன் விலை போடவில்லை.

*

நாலு இருபதுக்குப் பூட்டுக்காரர் கதவைத் திறந்தார். பொத்தான் இன்னும் ஒன்று தள்ளியே இருந்தது.

"முள்ளங்கி யாருக்குப் போச்சு மேடம்?"

"நீங்க அனுப்பின இடத்துக்குத்தான்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மறைக்கப் பார்க்கவில்லை. "சந்தா கட்டின அறுநூறு பேரு தூங்கி எழுந்து நிதானமா பூட்டைச் சரிபண்ணிக்கலாம். அக்கா படுக்கற இடம் எட்டாவது நாள் வரைக்கும் திறந்து கிடக்கணும். கேட்டா ஒப்பந்தம். பேர் போடாம அனுப்பினேன், கணினி அதுலயும் ஒரு காயைச் செருகும்னு தோணல. ஆனா பறிகொடுத்தவங்களே எப்படி வெளிய விட்டிருப்பாங்க? அதனாலதான் பதினாலு பேர்ல ஒருத்தன்னு நம்பினேன்."

"சென்டர்ல கணினி பாக்கறவர் வெளிய விடல. உங்க பக்கத்துல எழுதியிருந்தபடி செஞ்சார்." ஆடிட்டர் காகிதங்களை நீட்டினார்.

பூட்டுக்காரர் முதலில் கேள்வியைப் படித்தார். பிறகு அது போடப்பட்ட நேரத்தை. பிறகு சென்டரின் பெயரை. தாளை மடியில் வைத்துக்கொண்டு கையால் நீவினார். சுருக்கம் எதுவும் இல்லாத தாள்.

"இந்த ஏழு வரி," என்றார். "நாலாவது வரியிலயே காரணம் இருக்கு. ஒரு சொல்லை மாத்தினா ஒட்டியிருக்கும். அரை நிமிஷ வேலை." தாளைக் கவிழ்த்து வைத்தார். "அன்னிக்குப் பிரிண்டர்ல சிக்கின தாளை உருவும்போது அவர் திரை எனக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. அடுத்தவங்க திரையைப் பாக்கக்கூடாதுன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டேன்."

தரகன் தொண்டையைச் செருமினான். "மேடம், யாருன்னு கண்டுபிடிக்க முடியலன்னு எழுதிடலாமே. நமக்கு ஒரு தோல்வி. நமக்கென்ன புதுசா?"

"அப்படி எழுதினாலும் சாவி போயிடும். அதோட பதினஞ்சாவது ஆளை அவங்களே தேடுவாங்க. தேடினா அந்த அறை வாசல்லதான் போய் நிப்பாங்க. அவர் எல்லாத்தையும் அச்செடுத்து வச்சிருக்கார்," என்றார் ஆடிட்டர்.

"அவர் வேலை போகும்," என்றார் பூட்டுக்காரர். "நான்தான் வெளிய சொன்னேன்னு எழுதுங்க. யாருக்குன்னு சொல்லமாட்டேன்னும் எழுதுங்க. அவங்களுக்குக் குத்தம் சுமத்த ஒரு ஆள் கிடைச்சாப் போதும். அதுக்கு மேல தேடறது செலவு."

முதல் தடவையாக அவர் ஒரு வியாபாரியைப் போலப் பேசினார். சரியாகவும் பேசினார். ஆடிட்டர் அப்படியே எழுதி அனுப்பினார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேனேஜர் மஞ்சள் துண்டு ஒட்டிய காகிதங்களோடு வந்தார். ஒன்பது கையெழுத்து. கம்பெனி கொடுத்த பேனா மூன்றாவதிலேயே எழுதவில்லை. தரகன் தன் பேனாவைக் கொடுத்தான்.

"டேய் தம்பி, திருடன் யாருன்னு தெரிஞ்சுதா?" என்று அடுத்த அறையிலிருந்து அக்கா கேட்டார்.

மேனேஜர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு, படியில் சத்தமில்லாமல் இறங்கிப் போனார். பூட்டுக்காரர் கணினி முன்னால் போய் உட்கார்ந்து, தன் பக்கத்தைத் திறந்தார். 'பொதுவில் கேளுங்கள்' என்ற வரியின்மேல் கையை வைத்தார். அழிக்கப் போனார். அதற்கு இனிமேல் அனுமதி வேண்டும் என்று திரை சொன்னது.

கீழே, சைக்கிள் கடை வாசலில், ஆடிட்டர் நோட்டை மூடுவதற்குமுன் வழக்கம்போலக் கணக்கை முடித்து எழுதினார். தரகன் எட்டிப் படித்தான்.

எட்டாம் நாளுக்கு முன்பே தெரிந்தவர்கள், சந்தா கட்டி: அறுநூற்றுப் பன்னிரண்டு.

சந்தா கட்டாமல்: ஒன்று.

அந்த ஒருவர் கேட்ட கேள்வி: ஒன்று.

பதில்: பாக்கி.